நர்ஸ் வாசலைத் தாண்டும் முன் எழுதிவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் வீட்டுப் பெரியவர்களைப் பார்க்க நர்ஸ் வந்து போகிறாரா? கட்டில் பக்கத்திலேயே ஒரு நோட்டு வையுங்கள். தேதி, வந்த நேரம், கிளம்பிய நேரம், கையெழுத்து எல்லாம் அன்றைக்கே. வாரக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் நேரம் பில்லோடு ஒத்துப்போகாது. மெடிக்கல் எய்டிலிருந்து (மருத்துவச் செலவைத் தரும் காப்பீட்டுத் திட்டம்) வர வேண்டிய பணம் இழுபட அதுவே போதும். "நன்றாகக் கவனித்தார்" என்பது பாராட்டு, பதிவு அல்ல. "இடது குதிகால் புண்ணுக்குக் கட்டு மாற்றினார், 40 நிமிடம்" என்று எழுதுங்கள். தப்பாகிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. வெள்ளை மை பூச வேண்டாம்.

பில்லில் நர்ஸின் பிராக்டிஸ் நம்பரும் (பில் போட அவருக்குத் தரப்பட்ட பதிவு எண்) ஐசிடி-10 குறியீடும் (என்ன நோய் என்பதைக் காட்டும் சர்வதேசக் குறியீடு) இருக்க வேண்டும். மெடிக்கல் எய்டுக்கு அனுப்பக் கெடு, சேவை நடந்த மாதத்துக்கு அடுத்த 4-ஆவது மாதக் கடைசி நாள்: மார்ச் வருகைக்கு ஜூலை 31.