கினி பிக் கீழே விழுந்துவிட்டதா?

பிள்ளைகள் கையிலிருந்து கினி பிக் (வீட்டில் வளர்க்கும், கொறிக்கும் இனத்துச் சின்னப் பிராணி) துள்ளி விழுவது சகஜம். விழுந்ததும் ஓடி ஒளிந்துகொண்டால் 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடாதீர்கள். வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். பின்னங்காலை இழுத்து நடந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்பக்கத்துக்கு. மருத்துவரிடம் கொண்டுபோக, துண்டு விரித்த சின்ன அட்டைப் பெட்டி போதும்.

அடியைவிட எனக்குப் பயம் சாப்பாட்டை நினைத்துத்தான். அரை நாள் சாப்பிடாவிட்டாலே குடல் இயக்கம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. காய்ந்த புல்லை வாய்க்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். முன்பல் உடைந்திருந்தால், தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் குழைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வைட்டமின் சி அதன் உடம்பில் தானாக உற்பத்தியாகாது. தினம் ஒரு துண்டு குடமிளகாய் கொடுங்கள். சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள், குறைந்துகொண்டே போனால் மறுபடி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று உயிருக்கே உலை வைத்துவிடும்.