அம்ப் போட முதல் லைனை அளவுங்கோ

சிவராத்திரிக்குக் திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில் அம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் லைன் இழுக்க வாற பெடியளுக்கு நான் முதல் சொல்லிக்குடுக்கிறது இம்பீடன்ஸ். வயர் சுத்துறது பிறகு.

மல்டிமீற்றரை ஓமில் வைத்து ஹோர்ன் ஸ்பீக்கரின் ட்ரான்ஸ்போமரைத் தொட்டால் சில பத்து ஓம்தான் காட்டும். "அண்ணை, இது ஷோர்ட்" என்பாங்கள். ஷோர்ட் இல்லை. மீற்றர் அனுப்புறது பற்றரியின் நேரோட்டம், ஒரே திசையில் ஓடுறது. அதுக்குக் கம்பியின் தடை மட்டும்தான் தெரியும். பாட்டு ஆடலோட்டம், முன்னும் பின்னும் மாறி ஓடுறது. அது போனால்தான் சுருள் எதிர்த்து நிற்கும், அந்தப் பக்கத்து ஸ்பீக்கரின் பாரமும் இந்தப் பக்கம் தெரியும். எல்லாம் சேர்ந்த மொத்த எதிர்ப்புத்தான் இம்பீடன்ஸ். (நேராகக் கூட்டாதேங்கோ. தடை 3 ஓம், சுருளின் எதிர்ப்பு 4 ஓம் என்றால் விடை 5, ஏழில்லை.)

100 வோல்ற் லைன் என்றால் அம்ப் முழுச் சத்தத்தில் 100 வோல்ற் விடும், ஒவ்வொரு ஹோர்னும் தன் ட்ரான்ஸ்போமரால் அதை இறக்கி எடுக்கும். அதுக்குக் கணக்குச் சுகம்: 100ஐ 100ஆல் பெருக்கின 10,000ஐ வாற்றால் பிரியுங்கோ. 30 வாற் ஹோர்ன் ஒன்று 333 ஓம். எட்டுப் போட்டால் 240 வாற், 42 ஓம் வரை வரும். 300 வாற் அம்ப் 33 ஓமுக்குக் கீழே தாங்காது. பத்துப் போடலாம்தான், நான் எட்டோடு நிற்பன்.

கணக்கை மட்டும் நம்பி ஒருமுறை அம்ப் எரித்தவன் நான். இரவல் வாங்கின ஒரு ஹோர்னுக்குள் ட்ரான்ஸ்போமரே இல்லை, வெறும் 8 ஓம். முழு லைனும் 7 ஓமுக்குக் கீழே போயிற்று. நடுச்சாமம், தேவாரம் பாதியில் நின்றது.

அதனால் இப்ப அளந்துதான் போடுறன். பெரிய அம்பைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன அம்பில் ஃபோனிலிருந்து 400 ஹேர்ட்ஸ் சத்தம் விடுங்கோ. மலிவு மீற்றர் அதுக்கு மேலே பொய் சொல்லும். லைனோடு தொடராக 100 ஓம் தடை ஒன்று. மீற்றரை ஆடலோட்ட வோல்ற்றுக்கு மாற்றி, தடையிலும் லைனிலும் தனித்தனியாக அளவுங்கோ. லைன் வோல்ற்றை 100ஆல் பெருக்கி, தடை வோல்ற்றால் பிரித்தால் இம்பீடன்ஸ். தடையில் 1.4, லைனில் 0.6 வந்தால் 43 ஓம். எட்டு ஹோர்னுக்குச் சரி.

கணக்கை விடக் குறைவாக வந்தால் ஒவ்வொரு ஹோர்னாகக் கழற்றிப் பாருங்கோ. கூட வந்தால் எங்கேயோ ஜொயின்ட் விட்டிருக்கு. உப்புக் காத்துக்குச் செம்பு பச்சை பிடிக்கும். கடல் பக்கத்து ஜொயின்டைத்தான் முதலில் பிரிச்சுப் பாருங்கோ.