சேப்பாக்கத்தில் குழந்தையின் முதல் டெஸ்ட் மேட்ச்: படிப்படியாக

குழந்தையை முதன்முதலாக மைதானத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றதும் எல்லாரும் ஐபிஎல் டிக்கெட்டுக்குத்தான் அலைகிறார்கள். முதல் ஆட்டம் ஐந்து நாள் டெஸ்டாக இருக்கட்டும் என்பது என் கட்சி. ஐபிஎல் இரவு ஏழரைக்குத் தொடங்கி முடிவதற்குள் பதினொன்று தாண்டிவிடும், டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு, ஸ்பீக்கர் ஓயவே ஓயாது. டெஸ்ட் காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. குழந்தை சோர்ந்துவிட்டால் மத்தியானமே கிளம்பிவிடலாம், காசு வீணாயிற்றே என்ற எண்ணமும் வராது. என் மகளை ஏழு வயதில் அப்படித்தான் கூட்டிப்போனேன்.

1. எந்த நாள்?

இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள். சேப்பாக்கம் சுழற்பந்துக்குப் பேர்போன ஊர், விக்கெட்டுகள் சரிந்து ஆட்டம் முன்கூட்டியே முடிந்துவிடலாம், அதனால் ஐந்தாம் நாள் டிக்கெட்டை நம்பி வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் வங்கதேசத்துடன் நடந்த டெஸ்டில் சனிக்கிழமை, அதாவது மூன்றாம் நாள், ரிஷப் பந்த்தும் சுப்மன் கில்லும் சதம் அடித்தார்கள். ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு உணவு இடைவேளைக்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது.

2. எந்தப் பக்கம் உட்காருவது?

மேற்குப் பக்கம், அதாவது பெல்ஸ் ரோடு பக்கம். காலையில் முகத்தில் வெயில் அடிக்கும், அதற்கு ஒரு தொப்பி போதும். மத்தியானத்துக்கு மேல் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எதிரே பறக்கும் ரயில் பக்கம் இருப்பவர்கள் அந்த நேரத்தில்தான் வேகத் தொடங்குவார்கள். மேல் அடுக்கு கிடைத்தால் நல்லது, ஆனால் அதன் முதல் வரிசை வேண்டாம். கைப்பிடிக் கம்பி சரியாகச் சின்னப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு வரும், நாள் முழுக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பாருங்கள், கழிவறைக்குப் போகப் பத்துப் பேரைத் தாண்ட வேண்டியிருக்காது.

3. என்ன எடுத்துப்போவது?

தொப்பி, கைக்குட்டை, டிக்கெட், போன். அவ்வளவுதான். பை, தண்ணீர் பாட்டில், குடை, பவர்பேங்க், சில்லறைக் காசு எதுவும் வாசலைத் தாண்டாது. வீட்டுச் சாப்பாடும் அப்படித்தான், அதனால் வயிற்றை நிரப்பிக்கொண்டே போக வேண்டும். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லியைச் சாப்பிட வைத்து அப்படியே நடத்திக் கூட்டிப்போவது என் வழக்கம். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி வாலாஜா சாலை வழியாக நடந்தால் போதும், இல்லாவிட்டால் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையம்.

கிளம்பும் முன் உங்கள் போன் நம்பரைப் பால்பாயின்ட் பேனாவால் குழந்தையின் முன்கையில் எழுதிவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் எந்தக் கேட் வழியாக வந்தோம் என்று குழந்தையையே சொல்ல வையுங்கள்.

4. பந்து எங்கே?

அதிகம் கவனம் வேண்டிய இடம் இதுதான், யாரும் இதைச் சொல்வதும் இல்லை. டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். மைதானத்தில் அந்த உதவி கிடையாது. உட்கார்ந்த பத்து நிமிடத்தில் என் மகள் "அப்பா, பந்து தெரியல, வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டாள். வேடிக்கை காட்டிச் சமாளிப்பதைவிட, பார்க்கச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலைக்கு ஆகும்.

முதலில் பந்தைத் தேடவே சொல்லாதீர்கள். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும் இடத்திலிருந்து அவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கை சுழன்றதும் பார்வையை மட்டைக்கு மாற்ற வேண்டும். அடித்த பிறகு பந்து தெரியாவிட்டால் ஃபீல்டர்களின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கலாம், அந்தப் பக்கம்தான் பந்து. நாலைந்து ஓவர் இப்படிப் பழக்கினால் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் இன்னொன்று காட்டுங்கள். மட்டை வீசுவது கண்ணுக்குத் தெரிந்து ஒரு நொடியின் கால் பங்கு கழித்துத்தான் 'டொக்' என்ற சத்தம் நம் காதுக்கு வரும், சத்தம் எண்பது தொண்ணூறு மீட்டர் கடந்து வர வேண்டுமே! என் மகள் அதற்கப்புறம் ஒவ்வொரு பந்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு ஃபீல்டரை அவளுக்கென்று தேர்ந்தெடுக்கச் சொல்வதும் உதவும். பவுண்டரி ஓரம் நிற்பவர் என்றால் ஓவருக்கு ஓவர் அவர் எங்கே நகர்கிறார் என்பதே ஒரு கதை.

5. கைதட்டுவது

இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். 1999 ஜனவரியில் இதே மைதானத்தில் சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. அரங்கமே எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். எதிரணிக்காரர் நல்ல ஷாட் அடித்தாலும் தட்ட வேண்டும் என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கட்டும். பக்கத்தில் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் "சார், குழந்தை இருக்கு" என்றாலே பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாமா? முடியாது, வெளியேறினால் மறுபடி விடமாட்டார்கள். உணவு இடைவேளை பதினொன்றரைக்கு, அதற்குக் கால் மணி நேரம் முன்பே கழிவறைக்கும் தின்பண்டக் கடைக்கும் போய்விடுங்கள், அப்புறம் வரிசை நகராது. குழந்தைக்கு மருந்து தேவையென்றால் மருத்துவர் சீட்டோடு கொண்டுபோய் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கைக்குழந்தைக்கு டிக்கெட் வேண்டுமா என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், வாங்கும் பக்கத்திலேயே வயது வரம்பு போட்டிருக்கும்.

டெஸ்ட் அடிக்கடி வராதே என்றும் கேட்டார்கள். சரி, மாநில அணிகள் மோதும் ரஞ்சி ஆட்டத்துக்குப் போங்கள். பெரும்பாலும் கட்டணமே கிடையாது, கூட்டமும் இராது, வீரர்கள் பேசிக்கொள்வது கூடக் கேட்கும். கோவைக்காரர்களுக்கு ராமகிருஷ்ணா கல்லூரி மைதானம் இருக்கிறது.