தூண்டில் குண்டு வார்க்க மலிவாகக் காரீயம்: எங்கே வாங்குவது, எப்படித் தரம் பிரிப்பது

கடைக்குக் கிளம்புமுன் எம்.சி.எக்ஸ். என்ற உலோக வர்த்தகச் சந்தையில் காரீயம் கிலோ என்ன விலை என்று போனில் பார்த்துக்கொள்ளுங்கள். காயலான் கடையில் சொல்லும் விலை அதைவிட நன்றாக இறங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் வாங்கப்போவது அழுக்கும் கம்பியும் சேர்ந்த சரக்கு. வெறுமனே ‘ஈயம்’ என்று கேட்காதீர்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அது பல மடங்கு விலை.

எங்கே கிடைக்கும்?

மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னும் இடம்தான் என் முதல் சிபாரிசு. கிழிந்த வலையின் அடிக்கயிற்றில் கோத்த ஈயமணிகளை அறுத்து எடைக்குப் போடுவார்கள். ஏற்கெனவே குண்டாக இருந்த உலோகம், தரம் பற்றிக் கவலை குறைவு. உப்பும் ஈரமும்தான் தொல்லை.

எக்ஸ்ரே அறையைப் பிரிக்கும்போது வரும் தகடும், பழைய டெலிபோன் கேபிளின் ஈய உறையும் மிருதுவானவை. தூண்டில் நூலில் வைத்து, பல்லால் கடிக்காமல் பிளேயரால் நசுக்கும் சின்ன குண்டுகளுக்கு இவைதான் சரி. பழைய அச்சகத்தின் எழுத்துகளை விட்டுவிடுங்கள். ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி என்ற உலோகம் அதிகம், நசுக்கினால் உடையும். அவற்றைச் சேகரிப்பவர்களிடம் நல்ல விலையும் போகும்.

சக்கரம் ஆடாமல் சுழல அதன் விளிம்பில் மாட்டும் சின்ன எடைக்கட்டிகள், அதாவது வெயிட்டுகள், வீல் அலைன்மென்ட் கடையில் கழற்றிப்போட்டது எளிதாகக் கிடைக்கும். ஒட்டும் வகையில் காரீயமாக இருப்பவை மிருது. கிளிப் வகையில் கொஞ்சம் ஆன்டிமனி உண்டு, கடற்கரைத் தூண்டிலின் பெரிய குண்டுக்கு அது நல்லதே. கிளிப்பும் கசடும் போக 10 கிலோவுக்கு 8 கிலோ தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 120 ரூபாய் என்று வாங்கினால் உண்மையில் விழும் விலை 150.

துத்தநாகத்தைப் பிரிப்பது

புதிதாக வார்ப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். இப்போதைய வெயிட்டுகளில் நிறைய இரும்பும் துத்தநாகமும் கலந்து வருகின்றன. காந்தம் இரும்பை எடுத்துவிடும், துத்தநாகத்தை எடுக்காது. கொஞ்சம் துத்தநாகம் உருகிக் கலந்தாலும் மேலே கூழ் மாதிரி திரளும், அச்சின் மூலைகள் நிரம்பாது. பிறகு அதைச் சுத்தம் செய்வது வீட்டில் ஆகிற காரியம் இல்லை.

ஒவ்வொன்றையும் கட்டிங் பிளேயரால் கடியுங்கள். காரீயத்தில் வாய் பதியும், துத்தநாகத்தில் வழுக்கும். சந்தேகம் என்றால் சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு பாத்ரூம் ஆசிட். பொங்கி நுரைத்தால் துத்தநாகம்.

பெரிய கட்டிகளுக்கு எடைச் சோதனை. டிஜிட்டல் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். கட்டியை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க முக்குங்கள். கட்டியின் எடையை தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 113 கிராம் கட்டிக்கு 10 காட்டினால் 11.3, காரீயம். 16 காட்டினால் துத்தநாகம். ஆன்டிமனி கலந்தது 11.3-க்குச் சற்றுக் கீழே நிற்கும்.

உருக்குவது

வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கம் இருக்க நில்லுங்கள். கண்ணாடி, தோல் கையுறை, ஷூ, முழு பேன்ட். கனமான இரும்புச் சட்டி போதும், அலுமினியம் வேண்டவே வேண்டாம். அந்தச் சட்டியும் கரண்டியும் மறுபடி சமையலறைக்குள் நுழையக் கூடாது.

பழைய சரக்கு முழுவதையும் குளிர்ந்த சட்டியில் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவையுங்கள். உருகிய ஈயத்துக்குள் ஈரமான ஒரு மணி விழுந்தாலும் உள்ளே மாட்டிய தண்ணீர் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகம்வரை வாரி அடிக்கும். வலை மணிகளின் துளைக்குள் ஈரம் இருப்பது வெளியே தெரியாது. கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தாலும் குளிர்ந்த சட்டி விதியை மீறாதீர்கள். கரண்டிக்கும் அச்சுக்கும் இதே கதைதான், முதலில் சூடுகாட்டுங்கள்.

காரீயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419-ல். 360-ஐத் தாண்டாமல் வைத்தால் தப்பி வந்த துத்தநாகம் கிளிப்புகளோடு மிதக்கும், ஓட்டைக் கரண்டியால் அள்ளிவிடலாம். தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். பிறகு கசடு பிரிவதற்காகப் பட்டாணி அளவு மெழுகு போட்டுக் கிளறுங்கள். புகை வரும்போதே தீக்குச்சி காட்டி எரித்துவிட்டால் கண் எரியாது. மேலே நிற்கும் சாம்பல் நிறக் கசடை வழித்து மூடி போட்ட டப்பாவில் சேருங்கள். அந்தத் தூளைப் பெருக்காதீர்கள், ஊதாதீர்கள். மூச்சில் ஏறுவது பெரும்பாலும் இதுதான். மாஸ்க் அவசியம். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயம்.

பின்சேர்க்கை: கார் பேட்டரியை உடைத்தால் மலிவாக வருமே என்று பலரும் யோசிக்கிறார்கள். வேண்டாம். ஆசிட் ஒருபக்கம் இருக்க, தகட்டில் ஆன்டிமனி, ஆர்சனிக், கால்சியம் இருக்கலாம். அவற்றை உருக்கும்போது வரும் கசடில் ஈரம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். இந்தியாவில் 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளும் இருக்கின்றன. கடையில் மாற்றாகக் கொடுத்தால் புது பேட்டரி விலையில் கழித்துக்கொள்வார்கள், அந்தப் பணத்தில் வலை மணி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: நீர்ப்பறவைகள் மேயும் ஏரிகளில் அரிசி அளவு ஈயக் குண்டுகளைப் பயன்படுத்தாதீர்கள். அன்னங்கள் அவற்றை விழுங்கிச் சாவதைப் பார்த்துத்தான் பிரிட்டனில் 1987-இல் 28 கிராம் வரையான பெரும்பாலான ஈயக் குண்டுகளுக்குத் தடை போட்டார்கள்.