35 கிராம் நாணயத்தில் வெள்ளி எத்தனை கிராம்? புரூஃப் செட் வாங்கும் முன் ஒரு கணக்கு

நினைவு நாணயம் சேர்க்க ஆரம்பித்த புதிதில் நான் ஏமாந்தது இப்படித்தான். 100 ரூபாய் வெள்ளி நாணயம், எடை 35 கிராம் என்றார் விற்றவர். நானும் மனசுக்குள்ளேயே 35ஐ அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு, மலிவாகத்தானே தருகிறார் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அட்டையைத் திருப்பிப் படித்தால் அதில் வெள்ளி சரிபாதிதான்! அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை.

புரூஃப் செட் என்பது கண்ணாடி போலப் பளபளக்கும்படி தனியாக அச்சடித்து, பெட்டியில் போட்டு விற்கிற நாணயத் தொகுப்பு. முதல் படி, அந்தப் பெட்டியில் எது வெள்ளி என்று பிரிப்பது. 1969 காந்தி நூற்றாண்டு வரிசையில் 20 பைசா, 50 பைசா, 1 ரூபாய், 10 ரூபாய் என நான்கு காசுகள் உண்டு. வெள்ளி அந்த 10 ரூபாய் மட்டும்தான். பின்னால் வந்த செட்களிலும் பெரிய நாணயத்துக்குப் பக்கத்தில் 5 ரூபாயோ 10 ரூபாயோ துணைக்கு இருந்தால், பெரும்பாலும் அதில் வெள்ளி இருக்காது; அப்படியானால் உலோகக் கணக்கில் அதற்குப் பூஜ்யம் போடுங்கள்.

இரண்டாவது படிதான் முக்கியம், மாற்று பார்ப்பது, அதாவது நூற்றுக்கு எவ்வளவு வெள்ளி என்று பார்ப்பது. 100, 150 ரூபாய் என்று வருகிற 35 கிராம், 44 மில்லிமீட்டர் நாணயங்களில் வழக்கமான கலவை வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 சதவீதம். 2023இல் புதிய நாடாளுமன்றத்துக்காக வந்த 75 ரூபாயும் இதே கலவைதான். ஆக வெள்ளி 17.5 கிராம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் நாணயமும் அதே 35 கிராம்தான், ஆனால் அதில் 80 சதவீதம் வெள்ளி, அதாவது 28 கிராம். அளவைப் பார்த்தும் ஏமாறக்கூடாது: 1969 காந்தி 10 ரூபாய் 15 கிராம்தான், 80 சதவீதம் என்பதால் 12 கிராம் வெள்ளி இருக்கிறது, 1972இல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு வந்த 10 ரூபாய் அதைவிடப் பெரிசு, கனமும் கூட, ஆனால் 50 சதவீதம் என்பதால் வெள்ளி 11 கிராம் சொச்சம்தான் தேறும்.

அடுத்து விலை. பேப்பரில் வரும் கிராம் விலையை எடுங்கள் (வெளிநாட்டு விலை டிராய் அவுன்ஸில், அதாவது 31.1 கிராமுக்கு இருந்தால் 31.1ஆல் வகுக்க வேண்டும்). கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 100 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 75 ரூபாய் நாணயத்தின் வெள்ளி 1,750 ரூபாய். செம்பையும் சேர்க்கலாமே என்றால், 14 கிராம் செம்புக்கு ஒரு டீ குடிக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது இதைத் திருப்பிப் போடுங்கள். விற்பவர் 5,000 கேட்டால் அதை 17.5ஆல் வகுத்தால் கிராம் சுமார் 286 ரூபாய் வருகிறது. சந்தையில் 100, இங்கே 286. நடுவில் உள்ள 186 ரூபாய் கண்ணாடி போன்ற பரப்புக்கும், பெட்டிக்கும், அரிதாகக் கிடைப்பதற்கும். அது தப்பென்று நான் சொல்லவில்லை, பிடித்திருந்தால் கொடுங்கள். ஆனால் வெள்ளி விலை ஏறினால் லாபம் என்று யாராவது சொன்னால் அந்த 186ஐ நினைத்துக்கொள்ளுங்கள், வெள்ளி கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஏறினால்தான் நீங்கள் கொடுத்த காசுக்கே சமமாகும். அதோடு 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி நாணயத்தை உருக்குவது குற்றம், அதனால் இந்த உலோக மதிப்பு பேரம் பேசுவதற்கு ஒரு அளவுகோல்தான், உருக்கிக் காசாக்குகிற வழி அல்ல.

நிஜமாகவே எடை போட்டுப் பார்க்க வேண்டுமா? நாணயம் இருக்கிற பிளாஸ்டிக் உறையின் மூடியைத் திறக்காதீர்கள். அதே அளவு காலி உறையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, அப்புறம் நாணயத்தை உறையோடு வைத்தால் 35ஐ ஒட்டி வரவேண்டும். உறைக்கு வெளியே காந்தம் காட்டினால் இழுக்கக் கூடாது, இழுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விரல் பட்டால் புரூஃப் பரப்பில் ரேகை நின்றுவிடும், விலையும் இறங்கிவிடும். கறுத்துவிட்டதே என்று குத்துவிளக்குக்குத் தேய்ப்பதுபோல விபூதி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.