கதிர் இல்லாத புல்லா? இலையை வெட்டிப் பாருங்கள்

தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரிக்குள் வந்தால் இரண்டு பக்கமும் கரடுதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல், துரிஞ்சி, இடைவெளி முழுக்கப் புல். இதைக் "காய்ந்த காடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் இது சவானா. மரம் தள்ளித் தள்ளி நிற்கும், வெயில் தரை வரைக்கும் இறங்கும், புல் கோடையில் காய்ந்து மழையில் துளிர்க்கும். இந்தப் புல்லுக்குப் பேர் சொல்ல எல்லோரும் கதிரைத் தேடுகிறார்கள். கார்த்திகையில் போனால் கதிர் கிடைக்கும். பங்குனியில் போனால் ஆடு கடித்த அடிக்கட்டையும் இரண்டு இலையும்தான் மிஞ்சும்.

அந்த இரண்டு இலை போதும். இன்னதுதான் என்று பேரே சொல்ல முடியாவிட்டாலும், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் நேராகக் கரட்டுக்குப் போகாதீர்கள். முதலில் பேர் தெரிந்த நான்கு பயிரில் பழகுங்கள்: நெல், சோளம், கேழ்வரகு, சாமை. நம் ஊரில் நான்கும் எங்காவது கிடைக்கும், பென்னாகரம் பக்கமோ வத்தல்மலையிலோ யாராவது சாமை போட்டிருப்பார்கள். இந்த நான்கின் ஸ்லைடும் கையில் இருந்தால் மற்றப் புல்லை எல்லாம் இவற்றோடு ஒப்பிட்டே படிக்கலாம். நான் முதல் வருடம் இதைச் செய்யாமல் புத்தகப் படத்தை மட்டும் நம்பி முப்பது நாற்பது ஸ்லைடு போட்டேன், பாதிக்கு மேல் தப்பாக எழுதி வைத்தேன்.

தேவையானது அதிகமில்லை. புது ஷேவிங் பிளேடு (ஒரு இலைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், மழுங்கிய பிளேடு செல்லை நசுக்கிவிடும்), ஒரு கேரட், சாஃப்ரனின் சாயம், கிளிசரின், ஸ்லைடு, கவர் ஸ்லிப், கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப். மேலிருந்து இரண்டாவது இலையின் நடுப்பகுதியை எடுங்கள். நுனியிலும் அடியிலும் அமைப்பு மாறும், அதனால் எல்லாப் புல்லிலும் ஒரே இடத்தை எடுப்பதுதான் நியாயம். காய்ந்த இலை என்றால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள், சுருண்டது விரியும்.

கேரட்டை நெடுக்காகப் பிளந்து, நடுவில் இலைத் துண்டைச் செருகி, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே சீவ வேண்டும். பிளேடை உங்கள் பக்கம் இழுத்து, ஒரே வீச்சில். அறுக்கக் கூடாது. இருபது சீவினால் இரண்டு தேறும், அதற்குச் சலித்துக்கொள்ளாதீர்கள். தேறியதைச் சாஃப்ரனினில் ஒரு நிமிடம் போட்டுக் கழுவி, கிளிசரின் விட்டு மூடுங்கள்.

இப்போது நரம்பைப் பாருங்கள். சோளத்தில் ஒவ்வொரு வாஸ்குலார் கற்றையை (நரம்புக்குள் நீரும் உணவும் ஓடும் குழாய்க் கட்டு) சுற்றியும் பெரிய பெரிய செல்கள் ஒரு வளையமாக நிற்கும், உள்ளே பசுங்கணிகம் (பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பு) அடைத்துக்கொண்டு. அதற்கு வெளியே இலையிடைத்திசு (இரண்டு தோலுக்கும் நடுவே இருக்கும் பச்சைத் திசு) செல்கள் அம்மனுக்குச் சார்த்திய மாலை மாதிரி சுற்றி நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த தாவரவியலாளர் ஹேபர்லாண்ட் மாலை என்ற பொருளிலேயே ஜெர்மன் மொழியில் கிரான்ஸ் என்றார், அந்தப் பேரே நிலைத்துவிட்டது. இது சி4 தாவரத்தின் அடையாளம்: வெளிச் செல்கள் கரியமில வாயுவைப் பிடித்து உள் வளையத்துக்குத் தள்ளும், உள்ளே சர்க்கரை உருவாகும், கொளுத்துகிற வெயிலிலும் வேலை நடக்கும். வெப்பமண்டலச் சவானாப் புல்லில் பெரும்பாலானவை இந்த ரகம். நெல்லில் இந்த மாலை இருக்காது, அது சி3, அதாவது இப்படிப் பிடித்துத் தள்ளும் ஏற்பாடு இல்லாத ரகம்.

சந்தேகமாக இருந்தால் எண்ணிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கற்றை வளையங்களுக்கு நடுவே இலையிடைத்திசு செல் நான்குக்கு மேல் போகாவிட்டால் சி4, போனால் சி3. இன்னொரு வழி, வெயில் நாளில் சாயங்காலம் நான்கு மணிக்குப் பறித்த சோள இலையைச் சீவி நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து வளையத்துக்குள்தான் சேர்ந்திருக்கும் என்பதால் அது மட்டும் கருக்கும்.

அடுத்து உறைகளை, அதாவது கற்றையைச் சுற்றி நிற்கும் செல் வளையங்களை, எண்ண வேண்டும். சோளத்தில் கற்றை உறை ஒன்றே. கேழ்வரகில் இரண்டு, பெரிய பச்சை வளையத்துக்கு உள்ளே கெட்டிச் சுவருள்ள சின்ன செல் வளையம் ஒன்று இருக்கும். கரட்டில் இருக்கும் ஊசிப்புல் (வேட்டியில் குத்திக்கொண்டு வீடு வரைக்கும் வருமே, அதுதான்) சோளம் மாதிரி ஒற்றை உறை. எலுமிச்சை வாசப் புல்லும் அப்படியே. அருகம்புல் கேழ்வரகு மாதிரி. இதுவரை சுலபம், இதை வைத்தே புல்லை இரண்டாகப் பிரித்துவிடலாம் போலத் தோன்றும்.

அப்புறம் சாமையைச் சீவுங்கள். அதிலும் இரண்டு உறை! அப்படியானால் சாமை கேழ்வரகுக்கு உறவா? இல்லை. இங்கேதான் நானும் விழுந்தேன்.

இதைத் தீர்க்கத் தோலை உரிக்க வேண்டும். இலையின் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி ஸ்லைடில் வைத்து, கடையில் விற்கும் பிளீச்சிங் திரவம் சில சொட்டு விட்டு, பிளேடைச் சாய்த்துப் பிடித்து மேலே உள்ள பச்சையை எல்லாம் பொறுமையாகச் சுரண்டுங்கள். கடைசியில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு படலம் மிஞ்சும். கழுவி, சாயம் ஏற்றி, சுரண்டிய பக்கம் கீழே வரும்படி திருப்பி வையுங்கள். நகப்பாலிஷ் பூசி உரிக்கும் முறையும் உண்டு, ஆனால் அதில் இலைத்துளையின் அச்சு விழும், சிலிக்கா (புல்லின் தோல் செல்லுக்குள் இருக்கும் மணல் போன்ற துகள்) தெளியாது. நமக்கு வேண்டியதோ சிலிக்காதான்.

நரம்புக்கு நேர் மேலே ஓடும் வரிசையில், சாயம் பிடிக்காமல் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும் துகள்களைத் தேடுங்கள். சோளத்தில் டம்பெல் வடிவம், இரண்டு குண்டு நடுவில் ஒரு இடுப்பு. கேழ்வரகில் சேணம், இருபக்கம் வாயுள்ள கோடாரி என்றும் சொல்லலாம். சாமையில்? டம்பெல். ஆக சாமை சோளத்தோடு பேனிகாய்டே துணைக்குடும்பத்துக்குப் போகிறது, கேழ்வரகும் அருகம்புல்லும் குளோரிடாய்டே. அதே படலத்தில் இரண்டு செல் கொண்ட நுண்முடியும் கிடைக்கும்: பேனிகாய்டேயில் நுனிச் செல் விரல் மாதிரி நீளம், குளோரிடாய்டேயில் குட்டையாக உருண்டு இருக்கும். சிலிக்காவும் முடியும் ஒத்துப்போனால்தான் நான் நோட்டில் எழுதுவேன்.

காரணம் இருக்கிறது. புல் குடும்பத்தில் சி4 ஒரே ஒரு தடவை தோன்றியதல்ல, தனித்தனியாக இருபது தடவைக்கு மேல் தோன்றியிருக்கிறது. கிரான்ஸ் மாலை இருப்பதால் மட்டும் இரண்டு புல் சொந்தமாகிவிடாது, ஒரே வெயிலுக்கு இருவரும் ஒரே குடை பிடித்ததாகக்கூட இருக்கலாம். அலோடெரோப்சிஸ் செமியலாட்டா என்று ஒரு புல், அந்த ஒரே இனத்துக்குள்ளேயே சி3 செடியும் சி4 செடியும் உண்டு. மாட்டுக்குப் போடும் கினியாப் புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சாமை இருக்கும் பேனிகம் பேரினத்தில்தான் அதையும் வைத்திருந்தார்கள், 2003இல் மெகாதிர்சஸ் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். இரண்டும் சி4, ஆனால் உறைக்குள் வேலை செய்யும் நொதி வேறு.

கோரையிலும் ஏமாறாதீர்கள். அது புல்லே இல்லை, தண்டை உருட்டினால் முக்கோணம் தெரியும். உரித்த தோலில் டம்பெல்லும் இருக்காது சேணமும் இருக்காது, குட்டிக் கூம்புகள் வரிசையாக நிற்கும்.

கரட்டில் பறிக்கும்போது காப்புக்காடா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஒரு இலைகூட எடுக்கக் கூடாது. சாலையோரமும் ஏரிக்கரையும் பழகுவதற்குத் தாராளம்.

கை பழகிவிட்டால் இலைகூட வேண்டாம். செம்மறிப் புழுக்கையை ஊறவைத்துக் கொதிக்க விட்டு, வடிகட்டி, ஒரு துளி ஸ்லைடில் வைத்துப் பாருங்கள். பச்சை செரித்துப் போயிருக்கும், தோலும் சிலிக்காவும் அப்படியே இருக்கும். எங்கள் தெரு முனையில் பட்டி போட்டவரின் ஆட்டுப் புழுக்கையில் போன மாசியில் பார்த்தேன்: சேணம் நிறைய, டம்பெல் கொஞ்சம். "ஏரிக்கரையில் அருகு மேய்ந்ததா அண்ணா?" என்றேன். "கூட வந்தியா என்ன?" என்றார்.