மதுரை வெயிலில் தவிக்கும் பிராசஸர்: தெர்மல் பேஸ்ட் மாற்றுவது எப்படி?

சித்திரை பிறந்துவிட்டால் மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளுக்கு ஒரே மாதிரி புகார்தான் வரும். “மதியமானா சிஸ்டம் ஸ்லோவாயிருதுண்ணே, ஃபேன் வேற ஓவரா கத்துது.” மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட அறையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள், வீட்டில் கேம் ஆடும் பையன்கள் என எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். உடனே வைரஸ் என்று நினைத்து விண்டோஸை அழித்துப் போட வேண்டாம். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் ஓர் அளவுக்கு மேல் சூடானால், கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். டெஸ்க்டாப்புக்கான ஏஎம்டி ரைசன் 5000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 90, 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95.

பிராசஸருக்கும், அதன் மேல் உட்கார்ந்து ஃபேனும் உலோக இதழ்களுமாகச் சூட்டை வெளியேற்றும் கூலருக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் இருக்கும்; அது காய்ந்துபோவதும் சூட்டுக்கு ஒரு காரணம். புது பேஸ்ட் வாங்குவதற்கு முன் அதன் வேலை என்னவென்று புரிந்துகொள்ளுங்கள். பிராசஸரின் மேல்தகடும் கூலரின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழவென்று தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று அடைபட்டு நிற்கும். வெப்பம் கடத்துவதில் செம்புக்குச் சுமார் 400 மதிப்பு என்றால், அலுமினியத்துக்கு 200-க்கு மேல். சாதாரண பேஸ்டுக்கு 4 முதல் 10 வரை. அசையாத காற்றுக்கோ 0.026தான். அதாவது பேஸ்ட் காற்றைவிடப் பல மடங்கு மேல், உலோகத்தைவிடப் பல மடங்கு கீழ். சுவரில் பட்டி பார்ப்பது போல, குழி இருக்கிற இடத்தில் மட்டும் அது நிரம்பினால் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ அல்லது கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சும்மா இருக்கும்போது எத்தனை டிகிரி, பத்து நிமிடம் வேலை கொடுத்தால் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ எக்ஸ்போர்ட், சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் எதுவானாலும் சரி. கூடவே மணியையும் அறையின் வெப்பத்தையும் எழுதுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கூலர் அறைக் காற்றைக் கொண்டுதான் பிராசஸரைக் குளிர்விக்கிறது. அறை 28 டிகிரியில் இருக்கும்போது 65 காட்டிய பிராசஸர், அறை 38 ஆனால் அதே வேலைக்கு 75-ஐ ஒட்டிக் காட்டும். மதியம் இரண்டு மணிக்கு ஒரு முறை, பேஸ்ட் மாற்றியபின் ராத்திரி ஒரு முறை அளந்துவிட்டு “பத்து டிகிரி குறைஞ்சிருச்சு” என்று சொன்னால் அதில் அர்த்தமே இல்லை.

வெயில் காலத்தில் முழு வேலையில் 80–85 வரை போவதைப் பார்த்துப் பதற வேண்டாம். மேலே சொன்ன எல்லையைத் தொட்டு, வேகமும் குறைந்தால்தான் கையை வைக்க வேண்டும்.

கழற்றுவது

தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், காய்ந்த பெயிண்ட் பிரஷ், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி மாதிரி நூல் உதிராத துணி, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பில் ஆல்கஹால், ஒரு சின்னச் சிரிஞ்ச் பேஸ்ட்.

கழற்றும் முன் பத்து நிமிடம் சிஸ்டத்தை ஓட விடுங்கள். சூட்டில் பழைய பேஸ்ட் இளகும். பிறகு ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு, ஃபேன் வயரை போர்டிலிருந்து கழற்றுங்கள்.

இன்டெலுடன் வரும் பழைய மாடல் கூலரில் நான்கு மூலையிலும் கறுப்புப் பின் இருக்கும். அதன் தலையில் உள்ள அம்புக்குறி காட்டும் பக்கமாகத் திருப்பி மேலே இழுத்தால் விட்டுவிடும். ஏஎம்4 என்ற சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள ஏஎம்டி போர்டு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே பிராசஸரின் அடியில் பின்கள் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பிடித்திருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால் சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் சேர்ந்து வந்துவிடும், பின்கள் வளைந்துபோகும். கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டதும் தூக்குங்கள்.

துடைப்பது

துணியில் ஆல்கஹாலை நனைத்து இரண்டு பக்கமும் பளிச்சென்று ஆகும்வரை துடையுங்கள். பழைய பேஸ்டின் மேல் புதியதை வைக்கவே கூடாது. கத்தி, உப்புத்தாள் வேண்டாம். கை சானிட்டைசரும் வேண்டாம். அதில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும், ஆவியாகாமல் படிந்துவிடும்.

கூலர் கையில் இருக்கும்போதே தூசியையும் எடுத்துவிடுங்கள். நம் ஊரில் பாதிச் சூட்டுக்குக் காரணம் பேஸ்டே அல்ல, தூசிதான் என்பது என் உறுதியான கருத்து. மெயின் ரோட்டை ஒட்டிய கடைகளிலும், மேலூர்ப் பக்கம் கல் லாரி போகும் வழிகளிலும் கூலரின் இதழ்களுக்கு நடுவே தூசி கம்பளிபோல் அடைத்து நிற்கும். ஃபேனைக் கழற்றிவிட்டு இதழ்களைப் பிரஷால் தட்டுங்கள். ப்ளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்ற விட்டால் பேரிங் கெடும்.

பேஸ்ட் வைப்பது

பிராசஸரின் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு. அவ்வளவுதான். விரலால் தடவ வேண்டியதில்லை. கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். பெரிய சதுர பிராசஸராக இருந்தால் மெல்லிய பெருக்கல் குறி போடலாம். கொஞ்சம் கூடிப்போனால் ஓரத்தில் பிதுங்கும். மின்சாரம் கடத்தாத பேஸ்டாக இருந்தால் துடைத்துவிட்டால் போதும். ஆனால் ‘லிக்விட் மெட்டல்’ என்று விற்பதைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரமும் கடத்தும். பேஸ்ட் இல்லையென்று பற்பசை வைக்கச் சொல்கிறவர்களையும் கேட்காதீர்கள்; அதிலுள்ள நீர் சூட்டில் காய்ந்து போய்விடும்.

திரும்ப மாட்டுவது

புதுக் கூலர் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா என்று பாருங்கள். கூலரை நேராக இறக்கி வையுங்கள். ஸ்க்ரூ என்றால் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று, மறுபடி இரண்டு சுற்று என்று இறுக்குங்கள். ஒரே மூலையை முழுசாக இறுக்கினால் கூலர் சாய்ந்து பேஸ்ட் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். இன்டெல் பின் என்றால் தலைகளை முதலில் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிர்மூலை வரிசையில் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிறகு போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்து, நான்கு பின்னும் முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு விலை உயர்ந்த பேஸ்டானாலும் ஒரு பின் தூக்கிக்கொண்டிருந்தால் வீண்தான். ஃபேன் வயரை ‘சிபியூ ஃபேன்’ என்று எழுதிய இடத்திலேயே செருகுங்கள்.

கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்; பின்னால் ஒரு ஜாண் இடம் விடுங்கள். கதவு போட்ட கம்ப்யூட்டர் டேபிள் என்றால் அந்தக் கதவைத் திறந்தே வையுங்கள். முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்க ஃபேன் வெளியே தள்ள வேண்டும்.

லேப்டாப்புக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அங்கே மேல்தகடு இல்லாத சிப் வெறுமனே இருக்கும். அதன் முழுப் பரப்பையும் மெல்லிய பேஸ்ட் மூட வேண்டும். வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள்.

பேஸ்டை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதில்லை. நல்ல பேஸ்ட் மூன்று நான்கு வருடம் தாங்கும். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும் முன் தூசி தட்டுவதுதான் வருடந்தவறாமல் செய்ய வேண்டியது.

இப்போது ஆன் செய்து, முன்பு அளந்த அதே நேரத்தில் அதே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். வேலை தொடங்கிய சில வினாடிகளிலேயே 90-க்குத் தாவினால் கூலர் சரியாக உட்காரவில்லை. அணைத்துவிட்டு, திரும்பக் கழற்றி, பின்னையோ ஸ்க்ரூவையோ சரிபாருங்கள். ஒரு முறை தூக்கிய கூலரை அதே பேஸ்டின் மேல் மறுபடி வைத்தால் நடுவில் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும். துடைத்துவிட்டுப் புது பேஸ்ட் வைத்தே மாட்டுங்கள்.